மாஸ்க் போட்டுக்கொண்டு உடற்பயிற்சி செய்யலாமா? மூச்சு, வேகம், பாதுகாப்பு: முழுமையான வழிகாட்டி

2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி தமிழ்நாட்டில் ஜிம்கள் மறுபடி திறந்தன. ஊரடங்குக்குப் பிறகு முதல் முறையாக ட்ரெட்மில்லில் ஏறினேன். முகத்தில் மூன்றடுக்குத் துணி மாஸ்க். வேகத்தைப் பழைய வழக்கப்படியே மணிக்கு 10 கிலோமீட்டரில் வைத்தேன். ஏழாவது நிமிடத்தில் துணி நனைந்து முகத்தோடு ஒட்டிக்கொண்டது. மூச்சை இழுக்க இழுக்க அது மூக்கை அடைத்தது, நெஞ்சு படபடத்தது. இறங்கி வாசலுக்கு வந்து மாஸ்க்கைக் கழற்றிய பிறகுதான் உயிர் வந்தது. அன்று இரவெல்லாம் ஒரே யோசனை. உடம்பில் ஆக்சிஜன் குறைந்துபோனதா, நுரையீரலில் ஏதாவது கோளாறா, மாதக்கணக்கில் சும்மா கிடந்ததன் விளைவா?

அப்போதிருந்து இது பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். கூட ஓடுகிற, நடக்கிற நண்பர்களோடு சேர்ந்து சோதித்தும் பார்த்திருக்கிறேன். கடைசியில் எனக்குத் தெளிவானது ஒன்றுதான்: மாஸ்க் ஆக்சிஜனைப் பறிப்பதில்லை, மூச்சு விடும் வேலையைக் கனமாக்குகிறது. மெதுவாக நடப்பவருக்கு அந்தக் கனம் தெரிவதே இல்லை. தன் உச்ச வேகத்தை நெருங்குகிறவருக்கு அது சுவர் மாதிரி எதிரே நிற்கும். அதனால் எந்த மாஸ்க் போட்டிருக்கிறோமோ, அதை வைத்துத்தான் அன்றைய வேகத்தை முடிவு செய்ய வேண்டும். அன்று நான் செய்த தப்பு, மாஸ்க் போட்ட பிறகும் பழைய வேகத்தைப் பிடித்துக்கொண்டதுதான்.

கொரோனாக் காலம் முடிந்துவிட்டதே, இப்போது இது எதற்கு என்று கேட்கலாம். போகி காலையில் புகைக்கு நடுவே வாக்கிங் போகிறவர்கள் இருக்கிறார்கள். வேலைக்காக டெல்லியில் இருக்கும் நம் பிள்ளைகள் குளிர்காலத்தில் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். வீட்டில் கீமோதெரபி எடுக்கும் அம்மாவை வைத்துக்கொண்டு ஜிம்முக்குப் போகிறவர் கேட்கிறார். அவர்கள் எல்லோருக்கும்தான் இது.

படி 1: எதற்காகப் போடுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

காரணத்தைப் பொறுத்து மாஸ்க் மாறும், மாஸ்க்கைப் பொறுத்துப் பயிற்சி மாறும். எனவே தொடக்கம் இங்கேதான்.

உங்களிடமிருந்து மற்றவருக்குக் கிருமி போகாமல் தடுப்பது நோக்கம் என்றால் நல்ல துணி மாஸ்க்கோ சர்ஜிக்கல் மாஸ்க்கோ ஓரளவு உதவும். காற்றில் மிதக்கும் கிருமி உங்களுக்குள் வராமல் தடுப்பது நோக்கம் என்றால் முகத்தோடு பொருந்தி உட்காரும் என்95 வகை வேண்டும். புகைக்கும் அதேதான். சர்ஜிக்கல் மாஸ்க்கின் இரு பக்கமும் திறந்தே கிடக்கிறது, பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் அந்த வழியாகச் சிரமமில்லாமல் உள்ளே போகும். சாலைப் புழுதிக்கு மட்டும் என்றால் எதுவும் போதும்.

சிலருக்கு மட்டும் மாஸ்க் உண்மையாகவே ஓட்டத்துக்கு உதவுகிறது. குளிர்ந்த, வறண்ட காற்று பட்டதும் மூச்சுக்குழல் சுருங்கி இளைப்பு வருகிறவர்கள் அவர்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டால் வெளிவிடும் மூச்சின் வெப்பமும் ஈரமும் அடுத்த மூச்சுக்குள் வந்து சேர்கின்றன. குளிர்நாடுகளில் பனிச்சறுக்கு வீரர்கள் இதற்கென்றே தனி மாஸ்க் அணிவது உண்டு. மார்கழி விடியலில் ஊட்டியில் நடக்கிறவர் மஃப்ளரைச் சுற்றிக்கொள்வதும் அதே வேலையைத்தான் செய்கிறது.

படி 2: மாஸ்க்குக்குள் மூச்சு என்னவாகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பயம் போவதும் எச்சரிக்கை வருவதும் இங்கேதான்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 8 லிட்டர் காற்று நம் நுரையீரலுக்குள் போய் வருகிறது. கடுமையாக ஓடும்போது அது 100 லிட்டரைத் தாண்டும். பயிற்சி பெற்ற வீரர்களுக்கு 150 லிட்டருக்கு மேலும் போகும். இத்தனை காற்றும் அந்தத் துணி வழியாகவோ அதன் ஓர இடுக்கு வழியாகவோதான் போய் வந்தாக வேண்டும்.

இளநீர்க் கடையில் ஸ்ட்ரா போட்டுக் குடித்துப் பாருங்கள். மெதுவாக உறிஞ்சினால் ஸ்ட்ரா இருப்பதே தெரியாது. தாகத்தில் மடக்கு மடக்கென்று இழுத்தால் கன்னம் உள்வாங்கும், ஆனாலும் போதுமான அளவு வராது. ஸ்ட்ரா அதேதான், இழுக்கும் வேகம்தான் வேறு. காற்றும் அப்படித்தான்: ஓட்டம் வேகமெடுக்க எடுக்க எதிர்ப்பு கூடும். உட்கார்ந்து மாஸ்க் போட்டுப் பார்த்து, "ஒண்ணும் தெரியலையே" என்று சொல்லிவிட்டு ஓடக் கிளம்பியவர் ஐந்தாவது நிமிடத்தில் திணறுவதற்குக் காரணம் இது.

அடுத்தது கரியமில வாயு. ஆக்சிஜன், கரியமில வாயு இரண்டின் மூலக்கூறுகளும் மாஸ்க்கின் துளைகளைவிட மிக மிகச் சிறியவை. எந்தத் துணியும் அவற்றைத் தடுத்து நிறுத்த முடியாது. ஆனால் மாஸ்க்குக்கும் முகத்துக்கும் நடுவில் ஒரு சின்ன அறை இருக்கிறது. நாம் வெளிவிட்ட மூச்சில் கொஞ்சம் அங்கே தங்கி, அடுத்த மூச்சோடு திரும்ப உள்ளே போகிறது. இரத்தத்தில் கரியமில வாயு சிறிதளவு கூடினாலும் மூளை உடனே "இன்னும் வேகமாக மூச்சு விடு" என்று கட்டளையிடும். நமக்கு அது மூச்சு முட்டுவதாகத் தெரிகிறது. ஆக்சிஜன் அளவு 97, 98 என்று நன்றாகவே இருக்கும்போதும் திணறல் வருவது இதனாலும்தான். என்95இல் இந்த விளைவு சற்று அதிகம், சர்ஜிக்கலில் குறைவு.

மூன்றாவது, வெப்பமும் ஈரமும். நம் ஊர் வானிலையில் நான் இதைத்தான் முதல் எதிரியாகச் சொல்வேன். மே மாதச் சென்னையில் காலை ஆறு மணிக்கே உடம்பெல்லாம் பிசுபிசுக்கும். மாஸ்க்குக்குள் வெளிமூச்சின் ஈரம், மேலிருந்து வழியும் வியர்வை. துணி நனைந்துவிட்டால் அதன் இழைகளுக்கு இடையிலுள்ள வழியைத் தண்ணீர் அடைத்துக்கொள்கிறது, எதிர்ப்பு எகிறுகிறது. ட்ரெட்மில்லில் என்னை இறக்கிவிட்டதும் இந்த ஈரம்தான்.

படி 3: ஆய்வுகள் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது?

இணையத்தில் இரண்டு கட்சி. "மாஸ்க்கால் எந்தப் பாதிப்பும் இல்லை என்று நிரூபித்துவிட்டார்கள்" என்று ஒரு கட்சி, "மாஸ்க் போட்டால் திறன் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்" என்று இன்னொன்று. இரண்டு பேர் கையிலும் உண்மையான ஆய்வு இருக்கிறது.

கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் 2020இல் 14 பேரைச் சைக்கிள் கருவியில் ஏற்றி, இனி முடியாது என்ற நிலை வரும்வரை மிதிக்க வைத்தார்கள். மாஸ்க் இல்லாமல் ஒரு முறை, சர்ஜிக்கல் மாஸ்க்கோடு ஒரு முறை, மூன்றடுக்குத் துணி மாஸ்க்கோடு ஒரு முறை. தாக்குப்பிடித்த நேரத்திலோ, இரத்தத்திலும் தசையிலும் இருந்த ஆக்சிஜன் அளவிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

அதே ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் 12 ஆரோக்கியமான ஆண்களைச் சோதித்தார்கள். என்95க்கு இணையான எஃப்.எஃப்.பி.2 மாஸ்க் அணிந்தபோது, உடம்பு அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு (ஓட்டக்காரர்கள் வி.ஓ.2 மேக்ஸ் என்பார்களே, அதுதான்) 13 சதவீதம் குறைந்தது. உச்ச வேளையில் உள்ளே போய்வந்த காற்றின் அளவு 23 சதவீதம் சரிந்தது. ஆனால் மிதிக்கும் உச்ச ஆற்றலில் இழப்பு 5 சதவீத அளவில்தான் இருந்தது.

2021இல் அமெரிக்காவில் 31 இளைஞர்களைத் துணி மாஸ்க்கோடு ட்ரெட்மில்லில் ஓடவிட்டார்கள். தாக்குப்பிடித்த நேரம் 14 சதவீதமும், வி.ஓ.2 மேக்ஸ் 29 சதவீதமும் குறைந்தன. வேகம் கூடக் கூட மூச்சு முட்டுவதாகவும், அடைபட்டுக் கிடப்பது போல இருப்பதாகவும் அவர்கள் சொன்னார்கள்.

ஏன் இத்தனை வேறுபாடு? ஒரு காரணம் அளக்கும் முறை. மூச்சிலுள்ள வாயுவை அளப்பதற்கு, மாஸ்க்கின் மேல் இன்னொரு ரப்பர் மாஸ்க்கைக் காற்றுக் கசியாமல் இறுக்கி மாட்டுகிறார்கள். லைப்சிக்கில் அப்படித்தான் செய்தார்கள். உள்ளே இருக்கும் மாஸ்க் முகத்தோடு அமுங்கிவிடும், ஓரக் கசிவு முழுக்க அடைபடும். தெருவில் ஓடுகிற நமக்கு அந்தக் கசிவு ஒரு வடிகால். கனடா ஆய்வில் ஆக்சிஜனை உடம்பின் மேல் வைக்கும் உணர்கருவிகளால் அளந்ததால் இந்த இரட்டை மாஸ்க் சிக்கல் எழவில்லை. இன்னொரு காரணமும் உண்டு: மாஸ்க் போட்டிருப்பது போட்டவருக்குத் தெரியும். மருந்துச் சோதனையில் போலி மாத்திரை கொடுத்து மறைப்பது போல இதை மறைக்க வழியில்லை. திணறும் என்று நினைத்து ஓடுகிறவர் சீக்கிரமே நிறுத்துவார்.

இத்தனையையும் கூட்டிக் கழித்து நான் எடுத்துக்கொண்டது: ஆரோக்கியமானவர் மிதமான வேகத்தில் போனால் உடம்பின் அளவுகளில் மாற்றம் சிறிது, உணர்வில் மாற்றம் அதிகம். உச்ச வேகத்தில் இழப்பு நிஜம். என்95இல் அது கூடுதல். எல்லாமே சிறு குழுக்கள், பெரும்பாலும் இளைஞர்கள், குளிரூட்டிய ஆய்வகங்கள். 60 வயதில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஒருவர் வெயிலில் நடப்பதற்கு இந்த எண்களை அப்படியே பொருத்தக் கூடாது.

அரசுகளும் அமைப்புகளும் இதே திசையில்தான் சொன்னார்கள். கடும் உடலுழைப்பின்போது மாஸ்க் வேண்டாம், இடைவெளியும் காற்றோட்டமும் முக்கியம் என்றது உலக சுகாதார நிறுவனம். 2020 ஆகஸ்ட்டில் நம் மத்திய சுகாதார அமைச்சகம் ஜிம்களுக்கு வெளியிட்ட நெறிமுறையில், வளாகத்துக்குள் மாஸ்க் கட்டாயம், பயிற்சியின்போது கூடுமானவரை முகத்தடுப்பு (முகத்துக்கு முன்னால் நிற்கும் பிளாஸ்டிக் தகடு) மட்டும், குறிப்பாக என்95 மூச்சுவிடச் சிரமம் தரலாம் என்று இருந்தது. அந்த முகத்தடுப்பு யோசனையில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பிளாஸ்டிக் தகடு எச்சில் துளியைத் தடுக்குமே தவிர, காற்றில் மிதப்பது கீழே, பக்கவாட்டில் எல்லாம் சுற்றி உள்ளே வந்துவிடும்.

படி 4: பயிற்சிக்கு ஏற்ற மாஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள்

துணி மாஸ்க் வாங்கினால் மூக்கு நுனியிலிருந்து சற்றுத் தள்ளி, கூடாரம் போல நிற்கும் வடிவம் பாருங்கள். தட்டையாக முகத்தில் படுகிற வகை இழுக்கும்போது வாய்க்குள்ளேயே வரும். முகத்தில் படும் அடுக்கு, வியர்வையை உறிஞ்சித் தேக்காத விளையாட்டுத் துணியாக இருந்தால் நல்லது. முழுப் பருத்தி சும்மா இருக்கும்போது சுகம், வியர்த்தால் ஈரத்துணி. மூக்குப் பாலத்தில் வளையும் கம்பி இருந்தால் கண்ணாடி அணிபவர்களுக்குப் பனி படியாது.

சர்ஜிக்கல் மாஸ்க் ஜிம்முக்கு என் முதல் தேர்வு. மெலிது, காற்று எளிதாகப் போகும், நனைந்தால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கலாம்.

என்95 என்பது 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தை வடிகட்டும் தரம். முகத்தோடு ஒட்டினால்தான் அந்த எண் செல்லும். தாடி இருந்தால் ஒட்டாது. பிடித்துப் பார்க்க ஒரு வழி: இரு கைகளாலும் மாஸ்க்கை மூடிப் பலமாக ஊதுங்கள். கன்னத்திலோ கண்ணிலோ காற்றுப் பட்டால் பொருந்தவில்லை. ஓடும்போது தாடை அசைந்து அசைந்து இந்தப் பொருத்தம் விலகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வால்வு வைத்த மாஸ்க்கில் மூச்சை வெளிவிடுவது எளிது, உள்ளே வெப்பமும் குறைவு. புகைக்கு இது சரி. ஆனால் வெளிவிடும் மூச்சு வடிகட்டப்படாமல் போவதால், சளி காய்ச்சல் இருக்கிறவர் இதைப் போட்டுக்கொண்டு ஜிம்முக்கு வருவது பக்கத்தில் இருப்பவருக்குச் செய்யும் அநியாயம். உண்மையில் சளி காய்ச்சல் இருக்கிறவர் வீட்டில் படுத்திருக்க வேண்டும்.

படி 5: உங்கள் உடம்பை நீங்களே சோதித்துப் பாருங்கள்

யாரோ 14 பேரின் முடிவைவிட உங்கள் இரண்டு காலைகளின் குறிப்பு உங்களுக்கு அதிகம் பயன்படும். செய்முறை எளிது.

சமதளமான ஒரே பாதை, ஏறத்தாழ 2 கிலோமீட்டர். முதல் நாள் மாஸ்க் இல்லாமல், வழக்கமான வேகத்தில் நடங்கள் அல்லது மெல்லோட்டம் ஓடுங்கள். முடித்தவுடன் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எடுத்த நேரம், நாடித்துடிப்பு, மூச்சிரைப்புக்கு 0 முதல் 10 வரை நீங்களே போடும் மதிப்பெண். 0 என்றால் ஒன்றுமில்லை, 10 என்றால் இனி ஓர் அடிகூட முடியாது. ஒரு நாள் விட்டு, அதே நேரத்தில், அதே பாதையில், அதே வேகத்தில் மாஸ்க்கோடு போங்கள். மறுபடி மூன்றையும் எழுதுங்கள்.

பெரும்பாலும் நாடித்துடிப்பில் சிறு வித்தியாசமே இருக்கும், மூச்சிரைப்பு மதிப்பெண் ஒன்றிரண்டு கூடியிருக்கும். அது இயல்பு. மதிப்பெண் மூன்றுக்கு மேல் தாவினால் அந்த மாஸ்க் அந்த வேகத்துக்கு ஒத்துவரவில்லை. மாஸ்க்கை மாற்றுங்கள் அல்லது வேகத்தைக் குறையுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடிக்கொண்டே பார்த்தால் கை ஆட்டத்தில் எண் தாறுமாறாகக் காட்டும். நின்று, கையை அசைக்காமல் வைத்து, அரை நிமிடம் கழித்துப் பாருங்கள். ஆரோக்கியமானவருக்கு 95க்குக் கீழே காட்டினால் அன்றைய பயிற்சியை அத்தோடு நிறுத்துங்கள்.

கருவி எதுவும் இல்லாதவர்களுக்கு எங்கள் குழுவில் நாங்கள் வைத்திருக்கும் வழி: போகிற போக்கில் உங்கள் கைபேசி எண்ணை, பத்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் முடிந்தால் மிதமான வேகம். ஐந்தாறு இலக்கத்தில் மூச்சு வாங்கினால் கடும் வேகம். மாஸ்க்கோடு இருக்கும்வரை பத்தையும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிற வேகத்திலேயே இருங்கள்.

படி 6: வேகத்தைக் குறையுங்கள், ஓய்வைக் கூட்டுங்கள்

கைக்கடிகாரத்தில் வேகத்தைப் பார்த்து ஓடும் பழக்கத்தை மாஸ்க் நாட்களில் விட்டுவிடுங்கள். மூச்சிரைப்பு மதிப்பெண்தான் கணக்கு. வழக்கமாக 6இல் ஓடுகிறவர் மாஸ்க்கோடும் 6இலேயே இருக்கட்டும். வேகம் தானாகக் குறையும். தொடக்கத்தில் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் கூடுதலாகக் கொடுத்துப் பாருங்கள்.

முதல் பத்து நிமிடம் மிக மெதுவாக. மாஸ்க்குக்குள் மூச்சின் தாளம் அமைய அந்த நேரம் வேண்டும். முதல் வாரம் 20 நிமிடம் போதும், உடம்பு பழகிய பிறகு ஐந்தைந்து நிமிடமாகக் கூட்டலாம். பழகுவது என்று நான் சொல்வது பெரும்பாலும் மனம் பழகுவதை. அடைபட்ட உணர்வு சில நாளில் குறையும். துணியின் எதிர்ப்பு குறையப்போவதில்லை.

விரைவு ஓட்டங்களையும் மேடேறும் பயிற்சியையும் மாஸ்க்கோடு செய்யாதீர்கள். அதிலுள்ள பயனே உச்ச வேகத்தைத் தொடுவதுதான். மாஸ்க் முதலில் வெட்டுவதும் அந்த உச்சத்தைத்தான். ஆளில்லாத மைதானத்தில், மாஸ்க் இல்லாமல் செய்ய ஒரு நாளை ஒதுக்குங்கள். வேகமும் ஓய்வும் மாறி மாறி வரும் இடைவெளிப் பயிற்சி கட்டாயம் செய்தாக வேண்டுமென்றால் ஒரு நிமிட ஓட்டத்துக்கு இரண்டு நிமிட நடை.

எடை தூக்குகிறவர்களுக்குச் சிக்கல் குறைவு. ஒரு சுற்று அரை நிமிடம், முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் சுற்றுக்குப் பிறகு இழுக்கும் பெருமூச்சில் மாஸ்க் குறுக்கே நிற்கும். இரண்டு நிமிட ஓய்வை மூன்றாக்குங்கள். தம் கட்டித் தூக்கும் பெரிய எடைகளில் தலைசுற்றல் வர வாய்ப்புண்டு, அன்று எடையைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். யோகாவில் ஆசனங்களுக்கு மாஸ்க் தொல்லை இல்லை. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுப் பயிற்சிகளை மாஸ்க்கோடு செய்யவே கூடாது. நீச்சலுக்கும் மாஸ்க் கிடையாது, ஈரத்துணி மூக்கில் ஒட்டினால் மூச்சே நின்றுவிடும். கபடியில் எதிரணி பிடிக்கிற பிடியில் மாஸ்க் கழுத்தை இறுக்கும் கயிறாகிவிடும், வேண்டாம்.

படி 7: புகை நாட்களில் கணக்கே வேறு

2017 டிசம்பரில் டெல்லியில் நடந்த டெஸ்ட் போட்டியின் இரண்டாம் நாளில், உணவு இடைவேளைக்குப் பிறகு இலங்கை வீரர்கள் மாஸ்க் அணிந்து களமிறங்கியது நினைவிருக்கும். ஆட்டம் பலமுறை நின்றது, பந்துவீச்சாளர்கள் மைதானத்தை விட்டு வெளியேறினார்கள். கேலி செய்தவர்கள் பலர். அந்த வீரர்கள் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். ஓடிவந்து பந்து வீசுகிறவர் கூடாரத்தில் உட்கார்ந்திருப்பவரைவிடப் பல மடங்கு காற்றை உள்ளிழுக்கிறார்; அதே மடங்கு நுண்துகளும் உள்ளே போகும்.

உட்கார்ந்திருக்கையில் 8 லிட்டர், மெல்லோட்டத்தில் 60 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் ஏழு மடங்குக்கு மேல். தவிர, மூச்சு வேகமானதும் வாயால் இழுக்கத் தொடங்குகிறோம். மூக்கின் வடிகட்டல் கைவிட்டுப் போகிறது.

மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 100 வரை வழக்கம்போல் ஓடலாம். 101 முதல் 200 வரை ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் வெளிப்பயிற்சியைக் குறைக்க வேண்டும், மற்றவர்கள் நேரத்தைச் சுருக்கலாம். 201க்கு மேல் போனால் பயிற்சியை வீட்டுக்குள் மாற்றுங்கள். 301க்கு மேல் வெளியே ஓட்டமே வேண்டாம். போயே ஆக வேண்டிய வேலைக்கு என்95 போட்டு நடந்து போய் வாருங்கள்.

"என்95 போட்டு ஓடினால் என்ன?" என்று கேட்பார்கள். பொருத்தமாகப் போட்டால் மூச்சு திணறும், தளர்த்தினால் புகை உள்ளே வரும். ஓட்டத்தில் இந்த இரண்டில் ஒன்று நிச்சயம். மேலும் ஓசோன், நைட்ரஜன் டை ஆக்ஸைடு போன்ற வாயுக்களை என்95 வடிகட்டுவதே இல்லை. 2018 போகியன்று சென்னையில் விமானங்களைத் திருப்பிவிடும் அளவுக்குப் புகை மண்டியது. அப்படியொரு காலையில் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் கயிறு தாண்டினாலும் தண்டால் எடுத்தாலும் எதுவும் குறைந்துவிடாது.

படி 8: 'உயர மலைப் பயிற்சி மாஸ்க்' வாங்கும் முன்

கறுப்பு ரப்பரில், திருகக்கூடிய வால்வுகளோடு, ஆயிரக்கணக்கில் விலை போட்டு ஆன்லைனில் விற்கிறார்களே, அதைச் சொல்கிறேன். மலை உச்சியில் பயிற்சி செய்த பலன் கிடைக்கும் என்று விளம்பரம். கிடைக்காது.

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். அங்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் ஏறத்தாழ கால் பங்கு குறைவு, அதனால் ஒவ்வொரு மூச்சிலும் வந்து சேரும் ஆக்சிஜன் குறைவு. அங்கேயே வாரக்கணக்கில் தங்கினால் சிறுநீரகம் அதை உணர்ந்து எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து சிவப்பணுக்களைக் கூட்டும். ரப்பர் மாஸ்க் அழுத்தத்தை மாற்றுவதில்லை, வழியை மட்டும் சுருக்குகிறது. நாளுக்கு அரை மணி நேரம் திணறுவதால் சிறுநீரகத்துக்கு எந்தச் செய்தியும் போகாது.

2016இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக லா கிராஸ் வளாகத்தில் 24 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஆறு வாரம் சைக்கிளில் கடும் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழு அந்த மாஸ்க்கோடு, ஒரு குழு இல்லாமல். இரண்டு குழுவின் வி.ஓ.2 மேக்ஸும் உயர்ந்தது. இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஹீமோகுளோபினில் மாற்றமே இல்லை. மூச்சுத் தசைகளுக்குச் சிறிது பயிற்சி கிடைக்கலாம் என்பது மட்டும் மிச்சம். அந்தப் பணத்துக்கு நல்ல ஷூ வாங்குங்கள். இன்னொன்று: இந்த மாஸ்க் கிருமியையும் தடுக்காது, புகையையும் தடுக்காது.

படி 9: நனைந்ததை மாற்றுங்கள், சரியாகத் துவையுங்கள்

பைக்குள் எப்போதும் இரண்டு மாஸ்க் இருக்கட்டும். நனைந்தவுடன் மாற்றுங்கள், முடியும்வரை காத்திருக்காதீர்கள். துணி மாஸ்க்கை அன்றன்றே சோப்பு போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். என்95ஐத் துவைக்கவும் கூடாது, சானிடைசர் தெளிக்கவும் கூடாது. அதன் இழைகளில் ஏற்றப்பட்ட நிலைமின்னூட்டம்தான் நுண்துகளைக் கவர்ந்து பிடிக்கிறது. சோப்பும் ஆல்கஹாலும் அதைப் போக்கிவிடும். பார்க்க மாஸ்க் போலவே இருக்கும், வேலை செய்யாது. மாஸ்க் பட்ட இடத்தில் பருவோ தடிப்போ வருகிறவர்கள் பயிற்சி முடிந்ததும் முகத்தை வெறும் தண்ணீரில் கழுவினாலே பாதி குறையும். மாஸ்க் போட்டிருப்பதால் தண்ணீர் குடிக்கச் சோம்பல் வரும். நின்று, கழற்றி, குடித்துவிட்டுப் போங்கள்.

படி 10: எப்போது நிறுத்த வேண்டும், யார் தொடங்கவே கூடாது

தலைசுற்றல், கண் இருட்டல், நெஞ்சில் இறுக்கம் அல்லது வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, உதடு நீலம் பாய்தல், நின்ற பிறகும் அடங்காத இளைப்பு: இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த இடத்திலேயே நின்று, ஆட்களிடமிருந்து விலகி, மாஸ்க்கைக் கழற்றுங்கள். உட்காருங்கள். சாதாரணத் திணறல் என்றால் ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். நெஞ்சு வலி என்றாலோ, ஐந்து நிமிடமாகியும் இளைப்பு தணியவில்லை என்றாலோ 108க்கு அழைக்கத் தயங்காதீர்கள். "மாஸ்க்கால்தான் இருக்கும்" என்று சொல்லி மாரடைப்பைத் தள்ளிப்போடக் கூடாது. நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான்: மாஸ்க் ஒரு சாக்காகிவிடும், உண்மையான நோய் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதயச் செயலிழப்பு, ஸ்டென்ட் வைத்துச் சில மாதமே ஆனவர்கள், கடும் ரத்தசோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் மாஸ்க்கோடு பயிற்சியைத் தொடங்க வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.

பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2020இல் சீனாவில், பள்ளிகள் திறந்த வேளையில், மாஸ்க்கோடு ஓடிய மாணவர்கள் மயங்கி விழுந்து இறந்த செய்திகள் வந்தன. மாஸ்க்தான் காரணம் என்று நிறுவப்படவில்லை. மாதக்கணக்கில் வீட்டில் அடைந்திருந்த பிள்ளைகளைத் திடீரென்று ஓடச் சொன்னதும் அதில் சேர்ந்திருக்கலாம். எப்படியானாலும், நேரம் குறித்து ஓடவிடும் தேர்வை மாஸ்க்கோடு வைக்காதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு விளையாடும்போது மாஸ்க் வேண்டவே வேண்டாம். பெரிய பிள்ளைகளிடம் ஓடத் தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: மூச்சு முட்டினால் கையைத் தூக்கு, நின்றுகொள், மாஸ்க்கை இறக்கு, யாரும் திட்ட மாட்டார்கள். கை தூக்கிய பிள்ளையிடம் முதலில் போங்கள். கேள்வி கேட்பதெல்லாம் அது உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மூச்சு அடங்கிய பிறகு.